இன்ஸ்பெக்டர் தலையில் சிவப்புக் கொடி

இன்ஸ்பெக்டர் ராமாமிர்தம் கடலூர் கடற்கரையில் நின்று ஓர் அதட்டல் போட்டால் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். அந்தக் குரல் அன்று காலை தனக்கோடியின் காதோரத்திலேயே வெடித்துக்கொண்டிருந்தது.

"இதாண்டா கடைசித் தோட்டா. இதையும் விட்டேன்னா பெல்டைக் கழட்டி வச்சிட்டு ஊட்டுக்கு நடையைக் கட்டு."

ரைபிளைத் தோளில் முட்டுக் கொடுத்து, மணலில் குப்புறப் படுத்திருந்தான் தனக்கோடி. சுடும் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். முதல் தடவை அவன் குண்டுகள் இலக்கை மட்டும் விட்டுவிட்டு மீதி உலகத்தையெல்லாம் தொட்டுப் பார்த்தன. இரண்டாம் தடவை எல்லாம் பக்கத்தில் படுத்திருந்தவனின் இலக்கில் போய்ப் பாய, அவன் பாஸாகி, நன்றிக்கு இவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கு என்ன புண்ணியமோ, எல்லாம் வரிசையாகப் பட்டுவிட்டன. இது ஒன்று பட்டால் போலீஸ்காரன். அப்படியே லாரி ஏறிச் சிதம்பரம் ஆனித் தேருக்குப் பந்தோபஸ்து போகலாம். படாவிட்டால் மறுபடி மீனவக் குப்பம். மாமா பூவராகன் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருப்பார். "வாங்க காக்கி மாப்ளே, வலையப் புடிங்க" என்பார். ஆயுசுக்கும் சொல்வார்.

இலக்குக்குப் பின்னால் மண்மேடு. அதற்குப் பின்னால் கடல். சுடும்போதெல்லாம் பனங்கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி ஏறும். அதைப் பார்த்தால் கட்டுமரங்கள் ஒதுங்கிப் போய்விடும். இருந்தும் சித்திரையில் ஒரு குண்டு மேட்டைத் தாண்டிக் குதித்து, பூவராகன் மாமாவின் கட்டுமரத்துப் பாயை ஓட்டை போட்டுவிட்டது. குப்பமே திரண்டு வந்து நியாயம் கேட்டது. போலீஸ் லத்தியால் பதில் சொன்னது. அன்றிலிருந்து குப்பத்துக்காரனும் காக்கியும் எதிரெதிரே வந்தால் நடுவில் இருக்கும் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விடும்.

கடைசித் தோட்டாவுக்குச் சற்று முன்புதான் ஆனிக் காற்று அந்தப் பனங்கம்பத்தை முறித்துப் போட்டது. இன்ஸ்பெக்டர் அசரவில்லை. கான்ஸ்டபிள் சடையப்பனைக் கூப்பிட்டார்.

"மேட்டு ஓரமா ஏறி நின்னு கொடியைக் கையாலயே வீசுடா. ஒரு பய கிட்ட வரக் கூடாது."

சடையப்பன் புவனகிரிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. கம்பங்கொல்லையில் துணியை வீசிக் குருவி விரட்டியே வளர்ந்தவன். அவன் வீசின வீச்சில் பாண்டிச்சேரிக் காக்காய்கள்கூடப் பறந்துபோயிருக்கும்.

தனக்கோடி படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தான். கொல்லையில் துணியை வீசினால் ஓடிப் போ என்று அர்த்தம். குப்பத்தில் அப்படியில்லையே. மணல்மேட்டில் ஓர் ஆள் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கறுத்து மீன் கூட்டம் தெரிந்தால் துண்டை எடுத்து வீசுவார். கடலில் இருக்கிறவன் கைச்சோற்றை அப்படியே போட்டுவிட்டு அங்கே பறந்து வருவான். கம்பத்தில் கட்டிய கொடி வேறு, கையில் வீசும் துணி வேறு.

"ஐயா, கொடியை வீச வேணாம்னு சொல்லுங்க ஐயா."

"சுடுறப்ப வாய் பேசினா கை ஆடும். மூடு."

மூடினான். ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தான். இலக்கு தெரிந்தது. இலக்குக்கு மேலே ஒரு பாய் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கடலே தெரியவில்லை. கடலூரில் இத்தனை கட்டுமரம் இருக்கிறது என்று கடலுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். கரைப் பக்கம் திரும்பினால் புழுதி கிளம்பியது. குப்பத்துப் பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், முன்னால் அவன் அம்மா பூவம்மாள்.

இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அவர் மீசை தானாக எழுந்து நின்றது.

"வந்துட்டானுங்க. சித்திரைக் கணக்கைத் தீர்க்க வந்துட்டானுங்க. பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு வரானுங்க பாரு. ஸ்குவாட், கடலைப் பார்த்துக் குறி வை."

ரைபிள்கள் சடசடவென்று திரும்பின. எல்லாம் பயிற்சிப் பையன்கள். எவன் கையில் விசை எப்போது அமுங்கும் என்று யாருக்குத் தெரியும்?

உத்தரவில்லாமல் சுடுமிடத்தில் எழுந்து நிற்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதற்கே பெல்ட் போய்விடும். தனக்கோடி எழுந்தான். ரைபிளை மணலில் வைத்துவிட்டு, அத்தனை ரைபிள்களுக்கும் எதிரே போய் நின்றான்.

"ஐயா, அவுங்க சண்டைக்கு வரல. மீனுக்கு வராங்க."

"எந்த மீனுக்குடா?"

"நீங்க கூப்ட்ட மீனுக்கு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பூவம்மாள் வந்து சேர்ந்தாள். ரைபிளையெல்லாம் கொடிக்கயிற்றில் காயும் துணியை விலக்குவது மாதிரி விலக்கிவிட்டு, இன்ஸ்பெக்டரின் நெஞ்சுக்கு நேரே கூடையை நீட்டினாள்.

"எங்கய்யா மீனு?"

"ஏது மீனு?"

"தோ, அந்தாளு அங்க துணிய வீசிக் கூப்புடுறாரு. அடுப்புல ஒலைய வச்சது வச்சபடி ஓடியாறோம், ஏது மீனுங்கிறியே. சித்திரையில அடிச்சீங்க. இப்ப கூப்ட்டு வச்சு வெளையாடுறீங்களா?"

சடையப்பனுக்கோ, அத்தனை பாயும் இவ்வளவு கிட்டே வருவதைப் பார்த்த பயம். பயத்தில் இன்னும் வேகமாக வீசினான். 'அடேயப்பா, சரியான மீன் கூட்டம்போல' என்று கட்டுமரங்களில் துடுப்பு இன்னும் வேகமாக விழுந்தது.

"நிறுத்துடா அதை" என்று இன்ஸ்பெக்டர் அலறினார். நிறுத்தினான். நிறுத்தியதும் கடலில் வலைகள் விழுந்தன.

"என்னாடா இது?" என்று தனக்கோடியைக் கேட்டார்.

"வீசுறத நிறுத்தினா, மீனு அங்கியே நிக்குது, வலையப் போடுன்னு அர்த்தங்கய்யா."

"இல்ல, திரும்பிப் போன்னு எப்படித்தான் சொல்றது?"

"துணியத் தலையில போட்டுக்கிட்டு மணல்ல குந்திக்கணும்யா." தனக்கோடி அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "கரையில யாரு பெரிய ஆளோ அவுங்கதான் குந்தணும். வேற ஆளு குந்துனா நம்ப மாட்டாங்க."

இந்தக் கடைசி வாக்கியம் குப்பத்து வழக்கமா, அந்த நிமிஷத்தில் அவன் உண்டாக்கிய வழக்கமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பூவம்மாளுக்குத் தெரியும். அவள் மூச்சுவிடவில்லை.

ரைபிள்களைக் கீழே போடச் சொல்லிவிட்டு, ஜில்லாவே நடுங்கும் ராமாமிர்தம் கடலைப் பார்த்து மணலில் குந்தினார். சடையப்பனிடமிருந்து வாங்கிய சிவப்புக் கொடி முக்காடாக விழுந்தது. மீசை மட்டும் வெளியே தெரிந்தது.

கடலில் துடுப்புகள் நின்றன. பிறகு வலைகள் ஏறின. பாய்கள் திரும்பின. எல்லாம் வடக்கே தூரமாக ஒதுங்கி நின்றன. அதற்குள் கரையேறிவிட்ட பூவராகன் மாமா மட்டும் ஈரம் சொட்ட நடந்து வந்து, இன்ஸ்பெக்டரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்தார்.

"எம் பாயில ஓட்டை போட்டதுக்கு இது போதுங்க ஐயா. மனசு ஆறிடுச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்து மணலைத் தட்டினார். கொடியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரைபிளுக்கு முன்னால வந்து நின்னியே, அறிவிருக்காடா உனக்கு?"

"இல்லீங்கய்யா."

"ஒரு தோட்டா பாக்கி இருக்கு. படு."

சடையப்பன் இலக்குக்கு அடியில் உள்ள குழிக்குள் மறுபடி இறங்கினான். குண்டு பட்டால் அங்கிருந்து வெள்ளைத் தட்டை உயர்த்த வேண்டும். படாவிட்டால் சிவப்புக் கொடியை வீச வேண்டும். அதுதான் சட்டம். தனக்கோடி படுத்தான். முதுகுக்குப் பின்னால் கரையிலிருந்த குப்பமெல்லாம் நெருக்கியடித்து நின்றது.

"மாப்ளே, கண்ண மூடிக்கிட்டு சுடு. தொறந்துக்கிட்டு சுட்டுத்தான் ரெண்டு தடவ போச்சு" என்றார் மாமா.

சுட்டான். இலக்குக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, ஒரு பிடி மணல் அழகாக எழும்பி அடங்கியது.

குழிக்குள்ளிருந்து சடையப்பனின் தலை எட்டிப் பார்த்தது. "ஐயா, கொடி உங்ககிட்ட இருக்கு. குடுங்க."

"எதுக்குடா?"

"வீசணும்யா."

இன்ஸ்பெக்டர் கடலைப் பார்த்தார். அத்தனை கட்டுமரங்களிலும் அத்தனை முகங்களும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பிப் பெண்களைப் பார்த்தார். கூடைகள் இன்னும் இடுப்பிலேயே இருந்தன. கொடியை நான்காய் மடித்து, கால்சட்டைப் பையில் திணித்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் வீச வேணாம்."

"அப்ப வெள்ளைத் தட்டுதான்யா இருக்கு."

"அதைத் தூக்கு."

வெள்ளைத் தட்டு உயர்ந்தது. குப்பம் போட்ட கூச்சலில் வடலூரில் மணியடித்திருக்கும். "எம்புள்ள குறி தப்புமா?" என்று பூவம்மாள் பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். ஒரு முழம் தள்ளி மணல் எழும்பியதை அந்தப் பக்கத்துக்காரியும் பார்த்திருந்தாள். "எப்படிக்கா தப்பும்?" என்றாள்.

"லாரியில ஏறுடா" என்றார் இன்ஸ்பெக்டர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் சிதம்பரம் கீழ வீதி. எள் போட இடமில்லாத கூட்டம். தனக்கோடி புது பெல்ட்டும் கஞ்சி போட்ட அரை டிராயருமாக வடத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். தேர்த்தட்டில் நின்ற ஆள் ஒரு துணியை எடுத்து ஓங்கி வீசினார். வீதியே ஹோவென்று முன்னால் பாய்ந்தது.

தனக்கோடி திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். ராமாமிர்தம் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒரு கை தன்னால் தலைக்குப் போயிருந்தது. கண்கள் கீழே, குந்த இடம் தேடிக்கொண்டிருந்தன.

"ஐயா, வேணாம்" என்றான் தனக்கோடி மெதுவாக. "இது தேருங்கய்யா. வரட்டும்."