கல்லா, கணக்கா?

சலூன்காரருக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இரண்டு பாடங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று நிலவியல், இன்னொன்று புள்ளியியல். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளோ காலையில் ஒன்று சொன்னாள், மாலையில் வேறொன்று சொன்னாள். மறுநாள் வாயையே திறக்கவில்லை.

"பாப்பா, நிலவியல்னா நிலாவைப் பத்தியா?"

"நிலம்ப்பா. பாறை, மண்ணு, அடியில ஓடற தண்ணி."

"அப்ப புவியியல்னு ஒண்ணு சொன்னியே?"

"அது வேற."

"ரெண்டும் பூமிதானம்மா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் விடை கிடைக்காததால், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். முடி வெட்ட உட்கார்ந்த மருந்துக்கடைக்காரர் கிலியைக் கிளப்பிவிட்டார். "கல்லைப் படிச்சா சுரங்கம், எண்ணெய்க் கிணறுன்னு அலையணும். பொண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாலே பெரிய விஷயம்." சலூன்காரர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வங்கி மேலாளர் முகச்சவரத்துக்கு வந்தார். முறுக்கிவிட்ட மீசை. அதுதான் அவருக்கு அடையாளம்.

"நான் என்ன படிச்சேன் தெரியுமா? விலங்கியல். மூணு வருஷம் தவளையை அறுத்தேன். இப்ப கடன் கேக்கறவங்க என்னை அறுக்கறாங்க."

"அப்ப புள்ளியியல் எப்படிங்க?"

"அதுக்கென்ன, இன்சூரன்ஸ்ல எடுக்கறாங்க, ஆஸ்பத்திரியில எடுக்கறாங்க. ஃபுட்பால் டீம்ல கூட எடுக்கறாங்க."

"கணக்குப் படிச்ச பொண்ணு ஃபுட்பால் ஆடணுமா?" சலூன்காரரின் மனம் எங்கோ போயிற்று. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. சுதாரித்துக்கொண்டு பார்த்தபோது மேலாளரின் மீசையில் பாதி துண்டின் மேல் கிடந்தது. மீதியையும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேலாளர் கண்ணாடியைப் பார்த்தார், காசை எண்ணி வைத்தார், எழுந்து போனார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

விஷயம் கேள்விப்பட்ட மனைவி, "படிக்கப் போறது அவ. உங்களுக்கு ஏன் மண்டை காயுது?" என்றாள். "நாளைக்குக் கடையைச் சாத்திட்டு அவளோட போங்க. என்னதான் சொல்லித் தராங்கன்னு கண்ணால பாத்துட்டு வாங்க. இல்லேன்னா அடுத்து யாரோட காதோ?"

மறுநாள் இருவரும் போனார்கள். நிலவியல் கூடத்தில் சேறு காயாத பூட்ஸோடு ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். கண்ணாடித் துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தாள்.

"இதுல ஒட்டியிருக்கறது பாறைதான். உங்க தலைமுடியை விட மெலிசா இழைச்சது."

முடி என்றதும் சலூன்காரர் முன்னால் வந்து குனிந்தார். அவள் நுண்ணோக்கியின் தட்டை மெல்லத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் கிடந்த கல் ஊதாவானது, ஆரஞ்சானது, ஒரு மூலையில் மயில் நீலம் ஓடியது. அவருக்கு அங்கிருந்து நகர மனமில்லை. மகள் இரண்டு முறை தோளைத் தட்ட வேண்டியதாயிற்று.

அவளும் பார்த்தாள். நிமிர்ந்து, "ஒரு துண்டைப் பாத்துட்டு மலை முழுக்க இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க? எத்தனை துண்டு பாத்தா போதும்?" என்று கேட்டாள்.

மாணவி சிரித்தாள். "அதைக் கேக்க நாங்களே எதிர்க் கட்டடத்துக்குத்தான் போறோம்."

எதிர்க் கட்டடத்தில்தான் புள்ளியியல் துறை. அங்கே பார்க்க எதுவுமே இல்லை. நாலு கணினி, ஒரு வெள்ளைப் பலகை, கலைந்த தலையோடு ஒரு விரிவுரையாளர், அவ்வளவுதான். சலூன்காரருக்குச் சப்பென்று போய்விட்டது. மகள் அதே கேள்வியை விரிவுரையாளரிடம் கேட்டாள். அவர் பலகையில் ஏதோ எழுதினார். அவள் மறுத்தாள். அவர் அழித்துவிட்டு எழுதினார். சற்று நேரத்தில் பேனா அவள் கைக்கு மாறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தகப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் இத்தனை நாளாக உம்மென்று இருந்த பெண் இப்படி மூச்சு விடாமல் பேசுவதை அவர் பார்த்தார்.

வெளியே வந்ததும், "கல்லு எவ்வளவு அழகா இருந்துச்சு" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுப்பா."

"உனக்கு?"

"பிடிச்சுது. ஆனா பாக்கறப்பவே, இந்த ஒரு துண்டை நம்பலாமான்னுதான் தோணிச்சு."

"அந்தக் கணக்கைப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?"

"நிறைய சொன்னாரு. புது மருந்து நிஜமாவே கேக்குதான்னு பாக்கற வேலை கூட இருக்காம். எனக்கு எது வரும்னு தெரியலப்பா."

வெள்ளிக்கிழமை காலை அவள் புள்ளியியல் என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு அப்பாவிடம் வந்து நின்றாள். "சரியாத்தான் பண்ணிருக்கேனா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அவர். பிறகு மனசு கேட்காமல், "அந்தப் பேனாவை நீ அவருகிட்ட இருந்து பிடுங்கினியா, அவரே குடுத்தாரா?" என்று கேட்டார்.

"பிடுங்கிட்டேன்."

முதல் பருவம் அவளைப் பிழிந்து எடுத்தது. கல்லுக்கே போயிருக்கலாம் என்று இரண்டு முறை அழுதாள். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மருத்துவமனையில் புது மருந்துச் சோதனையின் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் சாப்பிட உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். சோறு ஆறிப்போயிற்று. அப்பா பாதிக்கு மேல் விளங்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.