அக்கா பூங்காவும் தங்கச்சி பூங்காவும்

ஒரே நிறுவனம் கட்டிய இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள் அவை. குன்றின் மேல் இருப்பது மூத்தது. ஆறு வருடம் கழித்து ஏரிக்கரையில் எழும்பியது இளையது. நிறுவனம் வைத்த பெயர்கள் நீளமானவை, வாயில் நுழையாதவை. அதனால் பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் அவை அக்கா, தங்கச்சி.

ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் பேருந்து முதலில் அக்கா வாசலில் நிற்கும். அங்கிருந்து இருபது நிமிடத்தில் தங்கச்சி. அந்தத் தடத்தில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டிய ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு வாசல்களும் தன் வீட்டு வாசல் மாதிரி. உள்ளே மட்டும் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. வேலை நாளில் நேரம் கிடையாது. விடுமுறை நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் பிடிக்காது.

ஆனாலும் எந்தப் பூங்கா நல்லது என்று பயணிகள் கேட்டால் யோசிக்கவே மாட்டார். அக்காதான் என்று அடித்துச் சொல்வார். அதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மாலையில் அக்காவிலிருந்து ஏறுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போவார்கள். கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகச் சாய்ந்த தலைகள். தங்கச்சியிலிருந்து வருகிறவர்களோ வீடு போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் பேசுவார்கள், சில நாள் சண்டையும் போடுவார்கள். வயிறு நிறைந்த குழந்தைதான் தூங்கும், குறை இருப்பவன்தான் பேசுவான் என்பது அவர் முடிவு. அவர் பேச்சைக் கேட்டு அக்கா வாசலில் இறங்கிய குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை.

அந்த வருடம் பூங்கா நிறுவனம், தடத்தில் ஓடும் ஓட்டுநர்களுக்கு மனைவியோடு இரண்டிலும் ஒவ்வொரு நாள் தங்கிப் பார்க்க அனுமதிச் சீட்டு கொடுத்தது. அவர் மனைவி மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். எங்கே போனாலும் துணியைத் தொட்டுப் பார்க்காமல் அவளுக்கு ஆகாது. அக்காவின் விடுதியில் அறைக்கதவைத் திறந்ததும் கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பழைய விரிப்புதான், ஆனால் கஞ்சி முறுக்கோடு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு மூலையில் கிழிசலைக் கையால் தைத்திருந்தார்கள். தைத்தது தெரியாத அளவுக்குத் தைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தானே கட்டிய விடுதி மாதிரி, ஜன்னலைத் திறந்து குன்றைக் காட்டினார்.

அந்தப் பெருமை நண்பகல் வரைதான் நின்றது. அக்காவில் ஒரு ராட்டினத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் ஏற்றம். மேலே போனால் வரிசை, வரிசையில் ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும், நிழல் பேருக்கு இரண்டு மரம். குடிநீர்க் குழாய் உச்சியில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. நான்கு மணிக்குள் அவர்கள் ஏறியது மொத்தம் மூன்று. மூன்றாவதில் ரயில் தலைகீழாகச் சுற்றியபோது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர், மனைவி தண்ணீர் வாங்கி வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அவள் தோளைத் தட்டி எழுப்பினாள். சுற்றிலும் கை காட்டினாள். அடுத்தடுத்த பெஞ்சுகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

"இவங்கல்லாம் திருப்தியிலயா தூங்குறாங்க?" என்று கேட்டாள்.

"வெயில் கொஞ்சம் அதிகம் இன்னைக்கு," என்று மழுப்பினார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் தங்கச்சி. அங்கே அறை புத்தம் புதியது. ஆனால் விரிப்பில் வெளுப்புப் பொடியின் வாடை போகவில்லை, சரியாக அலசவில்லை என்று அவள் முகம் சுளித்தாள். அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு அவர் காலை முழுக்க நம்பிக்கையோடு இருந்தார். வெளியே வந்தால் தரை சமதளம். ஏரியைச் சுற்றி ஒரு குட்டி ரயில் ஓடியது, நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு. வழியெல்லாம் கூரை. ராட்டினங்கள் சின்னவைதான், அக்காவின் பிரம்மாண்டம் எதற்கும் கிடையாது. ஆனால் மதியத்துக்குள் ஆறில் ஏறிவிட்டார்கள். தண்ணீரில் சறுக்கி விழும் படகில் அவள் இரண்டு முறை ஏறினாள். இரண்டாம் முறை அவர் கரையில் நின்று அவள் பையை வைத்துக்கொண்டிருந்தார். அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார், நினைவுக்கு வரவில்லை.

மூன்று மணிவாக்கில் குகைக்குள் போகும் படகில் ஏறினார்கள். எட்டுப் பேர் உட்காரலாம். பாதி வழியில் அடியில் இழுக்கும் சங்கிலி நின்றுபோய், படகு தண்ணீரில் அப்படியே நின்றது. பழுது பார்க்க இருபது நிமிடம் ஆகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்கள் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். எது நன்றாயிருந்தது, எது சுமார் என்று சண்டைகூட வந்தது. எதிரே இருந்த சிவப்புக் கண்ணாடி போட்ட பெண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க பஸ் டிரைவர்தானே? ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்டதான் கேட்டோம். குன்றுக்குப் போங்கன்னு சொன்னீங்க."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"என் மாமியாரையும் கூட்டிட்டு வந்திருந்தோம். பத்தடி ஏறுனதும் அவங்களால முடியல. பிள்ளைங்க உள்ள போகணும்னு அழுதுச்சுங்க. கேட் பக்கத்துல உக்கார வெச்சிட்டுப் போயிட்டோம். காலைல பத்து மணிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அங்கயே இருந்தாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். அவருக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மதியம் நாற்பது நிமிடம் வண்டியை அக்கா வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடுவது அவர் வழக்கம். நுழைவுச்சீட்டுக் கூண்டை ஒட்டிய சிமெண்டுத் திண்டில் வயதானவர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பார்த்திருக்கிறார். யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்திருக்கிறார். அவர்களில் அந்த அம்மாள் யார் என்று யோசித்தார். பச்சைப் புடவையா, கைத்தடி வைத்திருந்தவரா? எந்த முகமும் பிடிபடவில்லை.

"நான் உள்ள போனதே இல்லைங்க," என்றார். "நேத்துதான் முதல் தடவை போனேன். தெரியாமலே சொல்லிட்டிருந்தேன்."

மாமியாரை இங்கே ஒரு முறை கூட்டி வரும்படியும், குட்டி ரயிலில் ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம் என்றும், பேருந்தில் முன் இருக்கையைத் தானே பிடித்து வைப்பதாகவும் சொன்னார். மாமியார் இனி எங்கேயும் வருவதில்லை என்றுதான் சொல்கிறார், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் அந்தப் பெண். சங்கிலி உறுமிக்கொண்டு மறுபடி ஓடியது. கரை சேர்ந்ததும் படகில் இருந்தவர்கள் கும்பலில் கலந்து போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில் மனைவிதான் பேசிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போது, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று மட்டும் கேட்டார். அதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்றாள் அவள்.

அடுத்த வாரத்திலிருந்து யாராவது கேட்டால், கூட யார் வருகிறார்கள், ஏற்றம் ஏற முடியுமா, குழந்தைக்கு என்ன வயது என்று அவர் திருப்பிக் கேட்டார். சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாதா என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்த மாமியார் வரவில்லை. வயதான பெண்கள் ஏறும்போதெல்லாம் சிவப்புக் கண்ணாடி பின்னால் வருகிறதா என்று சில மாதம் பார்த்தார். பிறகு அந்தப் பார்வையும் நின்றுபோயிற்று.

சலவைப் பிரிவில் மனைவி தங்கச்சியின் புகழை ஒரு மாதம் பாடினாள். அப்படியும் அவளோடு வேலை பார்க்கும் மூன்று இளம்பெண்கள் அக்காவுக்குத்தான் போனார்கள். மறுநாள் துணி மடிக்கும் மேஜையில் கைப்பேசியை வைத்துப் படம் படமாகக் காட்டினார்களாம். தலைகீழ் ரயிலில் நான்கு முறை ஏறினார்களாம். இந்த மாதிரி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்போ எதுதான் நல்லதுங்குற?"

"எனக்கு முட்டி வலிச்சுது, அதுங்களுக்கு வலிக்கல," என்று சொல்லிவிட்டு அவள் அவர் சட்டையை வாங்கி, காலர் அழுக்கைப் பார்த்து, ஊற வைக்கக் கொண்டுபோனாள்.