கையில் பைப் ரெஞ்ச்

நோபர்ட் ஸ்விட்சைப் போட்டதும் பந்தல் பல்புகள் பளீரென்று எரிந்தன. அடுத்த நொடி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. வாடகைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர் புகை விட்டது. ‘அருள் நிறைந்த’ வரை வந்த செபமாலை மரியாளைப் போய்ச் சேராமல் பாதியில் நின்றது.

“யாருப்பா கரண்ட் குடுத்தது?”

“செத்தவரோட தம்பிதான். கலேவெலயில மோட்டருக்குக் காயில் சுத்துறவரு.”

பந்தலில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். கூடத்தில் அண்ணன் அந்தோனிமுத்து மட்டும் பெட்டிக்குள் முகத்தைச் சுளிக்காமல் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் முதல் கல்லை அவர்தான் எறிந்திருப்பார்.

வீட்டுப் ப்ளக்குகளில் இடமில்லை என்று நோபர்ட் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருந்தான். லேத் மெஷினுக்கு மேலே சுவரில் டிரைவ் இருந்தது. மோட்டரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற பெட்டி. கொழும்பில் பழசாக வாங்கி வந்து அவனே மாட்டியது. அதனடியில் டேப் சுற்றித் தொங்கிய வயர்களில் இரண்டை லைன் என்று நினைத்து, டேப்பை உரித்து, பந்தலுக்கு முறுக்கிவிட்டான். அது லைன் இல்லை, டிரைவிலிருந்து மோட்டருக்குப் போகிற வயர். வீட்டுக் கரண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதே தவறைப் பையன் ஒருவன் செய்திருந்தால் நோபர்ட் அவனைக் கடையை விட்டே துரத்தியிருப்பான்.

ஆனால் காலையிலிருந்தே அவனுக்குப் புத்தி நிதானத்தில் இல்லை. பையில் மீட்டரைப் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தான். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் மீட்டரின் வயரைப் பாம்பைப்போலத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். கரண்ட் பார்க்கிறது என்றான் நோபர்ட். எங்கே போகிறாய்? அண்ணன் சாவுக்கு. சாவுக்கு எதற்கு மீட்டர்?

நல்ல கேள்வி. நோபர்ட்டிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

போன மாதம் அண்ணன் போனில் சொன்னார், “டேய், மெஷின தொட்டா சுள்ளுங்குது.” நோபர்ட் அன்றைக்கும் பகடிதான் விட்டான். “செருப்பு போட்டுக்கிட்டு வேல செய்ங்க.” இப்போது அண்ணன் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்து செத்துக் கிடந்தார் என்கிறார்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினாராம். கரண்ட் அடித்தாலும் கடைசியில் நெஞ்சுதானே நிற்கிறது.

எப்படிப் போனார் என்று வந்ததிலிருந்து கேட்டுப் பார்த்துவிட்டான். ராஜநாயகம் மாமா பந்தலின் நடுவில் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சாவைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“தொழில் செஞ்சுக்கிட்டே போனான். கைல ஸ்பேனரோட. இந்த மாதிரி சாவு நமக்குக் கெடைக்குமா?”

“என்ன ஸ்பேனர் மாமா?”

“பைப் ரெஞ்சு.”

“லேத்துல பைப் ரெஞ்சுக்கு என்ன வேல?”

“ஆண்டவரு கூப்புட்டா எந்தச் சாமான் கைல இருந்தா என்னடா? டீ குடிச்சியா?”

பக்கத்து இரும்புக்கடை இத்ரூஸ் நானாவிடம் கேட்டான், “நானா, மெஷின் ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

“அல்லாட நாட்டம், தம்பி,” என்று அவர் பேட்டிஸ் தட்டை நீட்டினார். அதில் ஈ உட்கார்ந்திருந்தது. கூடத்துப் பெட்டியிலிருந்து மருந்து வாடை. நோபர்ட் தட்டை விலக்கினான். ஈயைப் பார்த்தா, மாமாவைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று பிரித்தறிய முடியவில்லை.

பல்பு வெடித்த பிறகு, திட்டு வாங்கும் கடமையையும் முடித்துக்கொண்டு, மீட்டரோடு பட்டறைக்குத் திரும்பினான். லேத்தின் மேல் சாக்குப் போர்த்தி, அதன்மேல் எச்சில் டீக் கோப்பைகளை அடுக்கியிருந்தார்கள். இரும்புத்தூள் விழுகிற தட்டில் வெற்றிலை எச்சில். அண்ணன் தினமும் துடைத்த தட்டு. துப்பியவன் தன் சொந்தக்காரன்தான் என்பதில் சந்தேகமில்லை.

மெயினை அணைத்து, எர்த் வயரை மீட்டரால் பார்த்தான். நன்றாக இருந்தது. மறுபடி பார்த்தான். நன்றாகவே இருந்தது. அப்படியானால் கசிவு மோட்டரில். ஆனால் மோட்டர் வயரில் ஏன் டேப்? ஓடுகிற மோட்டரின் வயரைக் கழற்றி யாராவது டேப் சுற்றுவார்களா?

கோப்பைகளை இறக்கிவிட்டுச் சாக்கைத் தூக்கினான். மோட்டர் இருக்கவேண்டிய இடத்தில் போல்ட் ஓட்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

“என்ன தம்பி எரிஞ்சிச்சு?”

வாசலில் டொறீன் அண்ணி. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியவள், புகை வாடைக்கு எழுந்து வந்திருந்தாள்.

“அண்ணி, மோட்டர் எங்க?”

“தம்புள்ளைக்கு அனுப்பிட்டாரு. ஸக்கரியா கடைக்கு.”

“எனக்கிட்ட குடுத்திருக்கலாமே.”

“நானும் சொன்னேன். அவன்கிட்ட குடுத்தா செருப்பத்தான் சுத்தித் தருவான்னாரு.”

நோபர்ட் போல்ட் ஓட்டையில் விரலை விட்டு எடுத்தான்.

“அப்ப மெஷின் ஓடல.”

“மோட்டர் இல்லாம எப்புடி ஓடும்? நீங்க மோட்டர்காரருதானே.”

“அண்ணன் இங்க என்னதான் செஞ்சாரு, அண்ணி?”

வெளியே மாமாவின் குரல் மறுபடி ஸ்பேனருக்கு வந்திருந்தது. அண்ணி பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

“கக்கூஸ்ல தம்பி. விடியக்காலம் போனவரு வரல. இத்ரூஸ் நானாதான் கதவ ஒடச்சாரு. குந்துன மேனிக்கே செவத்துல சாஞ்சிருந்தாரு. கழுவி, சாறம் மாத்தி, மாமாவும் சேந்து மூணு பேருமா தூக்கியாந்து இங்க கெடத்துனோம். கக்கூஸ்ல செத்தான்னு ஊர்ல பேசப்படாதாம். கைல எதாவது இருக்கட்டும்னு, தண்ணிப் பைப்புகிட்ட கெடந்தத மாமா சொருகுனாரு.”

“கரண்ட் அடிக்கல?”

“அங்க ஏது கரண்ட்? ஒரு பல்புகூட இல்ல. டார்ச்சு கொண்டுக்கிட்டுத்தான் போனாரு.”

பந்தலில் மைக் இல்லாமலே செபம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நோபர்ட் வெளியே வந்து வெடித்த பல்பு வரிசையைக் கையால் தடவிக்கொண்டே போனான். கடைசிப் பல்பைச் சரியாகத் திருகாமல் விட்டிருந்தார்கள். அது மட்டும் தப்பியிருந்தது. அதைக் கழற்றி, காதருகே ஆட்டிப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, பல்பில்லாத கக்கூஸ் பக்கம் நடந்தான்.