மிச்ச லேஸில் ஓர் அல்பம்

கல்யாணமாகி கட்டுகஸ்தோட்டைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இல்மாவுக்கு ஒன்று விளங்கிவிட்டது. அந்த வீட்டில் யாரும் அவளை எங்கேயும் போகக் கூடாது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் போகவும் முடியாது.

"போங்க மவள், போறதுக்கென்ன" என்பார் மாமி மஸாஹிரா. "யாரோட போறதெண்டுதான் பாக்கணும்."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கணவன் ஷாமிலுக்கு கட்டாரில் வேலை. கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்ததும் போய்விட்டான். மாமிக்கு மூட்டு வலி. மாமா பாரூக் காலையில் கடையைத் திறந்தால் ராத்திரி சாத்தும்வரை அங்கேதான். ஷாமிலின் தங்கை ரிஸ்னா பேராதனையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் போக ஆளில்லை. ஆளில்லாமல் போவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

கீழே மாமாவின் தையல் சாமான் கடை. மேலே வீடு. வீட்டிலிருந்து றோட்டுக்கு இறங்க இருந்த ஒரே படிக்கட்டு கடைக்குள்ளேதான் வந்து முடிந்தது. காலையில் சமையலை முடித்துவிட்டு இல்மா ஜன்னலருகே நிற்பாள். அக்குறணைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் பாலத்தடியில் நெருக்கியடித்துக்கொண்டு கண்டிக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்பு மடவளையில் அவள் ஒரு நர்சரியில் டீச்சராக இருந்தவள். வீட்டிலிருந்து நடந்தே போவாள். பால்மா பெட்டி, யோகட் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி என்று வீசப்போகும் எதையும் பிள்ளைகளின் கையில் கொடுத்து வீடாக்குவாள், ரயிலாக்குவாள். அந்தச் சத்தமெல்லாம் இல்லாத வீடு இது. பகலில் மாமி தூங்கும்போது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

மேல்மாடி அறையில் கடையின் கழிவுச் சாமான்கள் கிடந்தன. ரோல் முடியும் இடத்தில் மிஞ்சிய லேஸ், நிறம் மங்கிய ரிபன், சோடி இல்லாத பட்டன், மாமாவின் கூட்டாளி ஒருவரின் அச்சகத்திலிருந்து லேஸைச் சுற்றிக் கட்டுவதற்கென்று வாங்கி வைத்த அட்டைத் துண்டுகள். அவற்றுள் பெயர் பிழையாக அச்சடிக்கப்பட்ட கல்யாணக் கார்ட்டுகளும் இருந்தன. ஒருநாள் பின்னேரம் இல்மா ஒரு கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்துக்கொண்டு அந்த அறையில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் செய்தது ரிஸ்னாவின் கூட்டாளிக்கு ஒரு பிறந்தநாள் கார்ட். பிறகு, ரிஸ்னாவுக்கு நிச்சயம் பேசியபோது அவளுடைய சின்ன வயதுப் படங்களை வைத்து ஓர் அல்பம் செய்தாள். பிழையான கல்யாணக் கார்ட்டுகளின் தங்க ஓரங்களை வெட்டிப் பக்கங்களுக்குச் சட்டம் போட்டாள். மிச்ச லேஸை மடித்து மடித்து மேலட்டையில் பூவாக ஒட்டினாள். பக்கங்களை நூலால் தைத்துக் கட்டினாள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சின்ன மடிப்பு. திறந்தால் உள்ளே ஓர் எழுத்து, ஒரு பூ, ரிஸ்னாவின் முதல் பள்ளிக்கூட உடுப்பின் ஒரு துணுக்கு.

அதைப் பார்த்து மாமி அழுதார். உண்மையாகவே அழுதார். "இந்தக் கையில இவ்வளவு திறமை ஈக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே மவள்" என்று இல்மாவின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். அன்றைக்கு ராத்திரி இல்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

ரிஸ்னா அதைப் படமெடுத்துப் போனில் போட்டாள். அக்குறணையிலிருந்து கேட்டார்கள், கம்பளையிலிருந்து கேட்டார்கள், மாவனல்லையிலிருந்தும் கேட்டார்கள். மணப்பெண்ணுக்கு அல்பம், குழந்தை பிறந்ததற்கு அல்பம், வெளிநாடு போகிற மகனுக்கு அல்பம். இல்மாவுக்குள் ஓர் ஆசை எழுந்தது. இனி ரிபன் வாங்க கண்டி டவுனுக்குப் போகலாம். செய்ததைக் கொடுக்க நாலு வீட்டுக்குப் போகலாம். நாலு பேரோடு கதைக்கலாம்.

அவள் ஆசைப்பட்டது ஒன்று, நடந்தது வேறு. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், மாமா கடை சாத்தும் முன்பே வாங்கி வந்துவிடுவார். செய்து முடித்ததை மாமி ஹோலில் விரித்துவைத்து, வருகிறவர்களுக்குத் தானே காட்டிக் கொடுப்பார். மேல்மாடி அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். நல்ல வெளிச்சமான லைட் போட்டார்கள். பெரிய மேசையும் முதுகு வலிக்காத கதிரையும் வந்தன. "ஷாமில்தான் சொன்னது, உங்களுக்கு ஒரு கஷ்டமும் ஈக்கக் கூடாதெண்டு" என்றார் மாமி சந்தோஷமாக. இல்மா அந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். மிகவும் வசதியாக இருந்தது. அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மடவளை நர்சரியை நடத்தும் ஹபீலா டீச்சர் போன் பண்ணினார். ஓர் இடம் காலியாக இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டார். இல்மா மாமியிடம் சொன்னாள்.

"வீட்டுக்கே வேலை தேடி வந்து ஈக்கக்குள்ள ஏன் மவள் வெளிய அலையணும்?" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

ஷாமிலும் போனில் அதையே சொன்னான். "வீட்டுலேந்தே செய்யேலும் தானே. எத்தின பொம்புளையளுக்கு இப்பிடி ஒரு வசதி கிடைக்கும்?"

"வசதிதான்" என்றாள் இல்மா. "எனக்கு வெளிய போக ஆசையா ஈக்கி."

"நான் வந்ததும் போவோமே. நுவரெலியா போவோம்."

அவனுக்கு விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு இல்மா மேலே போனாள். லேஸை மடித்தாள், ஒட்டினாள். முன்பெல்லாம் ஒரு பூவை ஒட்டி முடித்ததும் தள்ளிவைத்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது. கல்யாண சீசன் வந்தபோது மேசை நிறைந்து கட்டிலுக்கடியிலும் பெட்டிகள் ஏறின. முன்பு ஆளில்லை என்பதால் போக முடியவில்லை. இப்போது வேலை இருக்கிறது என்பதாலும் போக முடியவில்லை. தன் கதவை வெளியிலிருந்து ஒட்டி அடைப்பதற்குத் தானே பசை காய்ச்சிக் கொடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மஹய்யாவையிலிருந்து லோஜினி வந்தது அப்போதுதான். தன் அக்காவின் கல்யாணத்துக்கு அல்பம் சொல்லியிருந்தவள். வாங்கிப் போக நேரில் வந்தாள். மாமி தொழுதுகொண்டிருந்ததால் இல்மாவே கீழே வந்து கொடுத்தாள். லோஜினி ஒவ்வொரு மடிப்பையும் திறந்து பார்த்தாள். 

"அக்கா, நான் கண்டி ஆஸ்பத்திரியில பிள்ளைங்க வார்டுல வேலை செய்றேன்" என்றாள் கடைசியில். "அங்க விளையாட்டு அறை ஒண்ணு இருக்கு. மருந்து வர்ற சுத்தமான அட்டைப் பெட்டி, பஞ்சு சுத்தி வர்ற தாள்னு எவ்வளவோ மிஞ்சுது. என்ன செய்றதுன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க சனிக்கிழமைல வந்து பிள்ளைங்களுக்குக் காட்டிக் குடுப்பீங்களா? நிறைய பிள்ளைங்க நாள்கணக்கா படுக்கையிலேயே கிடக்குதுங்க அக்கா."

இல்மா வாயைத் திறக்குமுன் மாமி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு அவருக்கும் மனம் இளகிவிட்டது. "பாவம் அந்தப் புள்ளைகள். சாமான இங்க கொண்டு வந்து தாங்க மவள். இவ எவ்வளவு வேணுமெண்டாலும் செஞ்சி தருவா. காசும் வேணா, நன்மையான காரியம்."

"இல்ல ஆன்ட்டி, பிள்ளைங்க தங்கட கையால செய்யணும். அதுக்குத்தான்..." லோஜினி இல்மாவைப் பார்த்தாள்.

"இவக்கு இங்க வேலை மலை மாதிரி ஈக்கி" என்று சிரித்தார் மாமி.

"நான் வாறேன்" என்றாள் இல்மா.

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. லோஜினி போனபிறகு, "வந்தவங்களுக்கு முன்னால இப்பிடியா மவள்?" என்று மட்டும் கேட்டார்.   இரவுச் சாப்பாட்டின்போதும் இல்மா சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. கடைசியில் மாமாதான் கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் வேன்ல கொண்டு போறேன். ஒரு தரம் போய்த்து வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை மாமா அவளை வார்டு வாசல்வரை கொண்டுவிட்டார். விட்டுவிட்டுப் போகவில்லை. நடைபாதை பென்ச்சில் உட்கார்ந்து, கதவுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே லோஜினி பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள். எழுந்து நடக்கக்கூடிய பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். தமிழில் பாதி, சிங்களத்தில் பாதியாக இல்மா பேசினாள். மருந்துப் பெட்டியை விரித்து, மடித்து, புத்தகமாக்கிக் காட்டினாள். வீட்டில் வெட்டி வைத்திருந்த லேஸையும் பட்டன்களையும் கொட்டினாள். தங்களுக்குப் பிடித்த எதையும் ஒட்டலாம் என்றாள். ஒருவன் தன் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியை ஒட்டலாமா என்று கேட்டான். ஒருத்தி சாப்பிட்ட பிஸ்கட்டின் தாளை ஒட்டினாள். அறை முழுதும் இரைச்சல். அந்த இரைச்சலைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று இல்மா நினைத்தாள். கைகள் பிசுபிசுத்தன. அபாயாவின் கையில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

கட்டிலை விட்டு எழும்ப முடியாத பிள்ளைகளிடமும் போனாள். ஹந்தானையைச் சேர்ந்த சுதர்சினி என்ற சிறுமி காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருந்தாள். கொய்யா மரத்திலிருந்து விழுந்தவள். அவளுடைய வயிற்றின் மேல் ஒரு தட்டை வைத்து, இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் செய்தார்கள். சுதர்சினி முதல் பக்கத்தில் ஒரு வீடு ஒட்டினாள். அடுத்த பக்கத்திலும் வீடு. அதற்கடுத்ததிலும் வீடுதான்.

"எல்லாம் வீடா?" என்றாள் இல்மா.

"ஆமா. எனக்கு வீட்டுக்குப் போகணும்." பிள்ளை பட்டனை அமுக்கி ஒட்டினாள். "நீங்க இப்ப வீட்டுக்குப் போயிருவீங்களா டீச்சர்?"

"கொஞ்ச நேரத்தால."

"உங்களுக்கு ஜாலி" என்றாள் சுதர்சினி.

இல்மா பசைப் போத்தலின் மூடியைத் திருகி மூடினாள். கண்ணாடிக்கு அப்பால் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வேன் மஹய்யாவையில் டிரஃபிக்கில் மாட்டி நின்றது. மாமா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா செஞ்சீங்க மவள்" என்றார். "புள்ளைகள் நல்ல சந்தோஷம். ஆனா சனிக்கிழமை கடையில சனம். அடுத்த கிழமை எனக்கு வர ஏலா."

"பரவாயில்ல மாமா. நான் பஸ்ஸில போறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. பின்னால் ஹோன் அடித்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "மாமிக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார். தடுக்கிறாரா விடுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் அன்றிரவே சொன்னாள். மாமி தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். "அப்ப பாப்போம்" என்றார். அந்த வீட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஹோலில் ஒரு மணப்பெண்ணும் அவளுடைய உம்மாவும் சாச்சியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமி அவர்களை அந்த நேரத்துக்கே வரச் சொல்லியிருந்தார். இல்மா அபாயா உடுத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.  ஸலாம் சொன்னாள்.

"உங்கட அல்பத்தப் பத்தி பின்னேரம் கதைப்போம். என்ன நிறம், எத்தின படம் எண்டெல்லாம் யோசிச்சி வைங்க. நான் வெளிய போய்த்து வாறேன்."

மாமியின் முகத்தைப் பார்க்காமல் படியில் இறங்கினாள். பார்த்திருந்தால் நின்றிருப்பாள். கீழே மாமா யாருக்கோ ஸிப் அளந்துகொண்டிருந்தார். அளவுகோலிலிருந்து கண்ணை எடுத்தார். அவள் நின்றாள். அவர் மீண்டும் குனிந்து ஸிப்பை வெட்டினார். இல்மா றோட்டுக்கு வந்தாள்.

பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். பாலத்தைத் தாண்டுமுன் போன் அடித்தது. ஷாமில்.

"எங்க நிக்கிறீங்க?"

"பஸ்ஸில."

"யாரோட?"

"தனியா."

பின்னால் அவன் வேலை செய்யும் இடத்தின் சத்தம் கேட்டது. "உம்மா அழுறா" என்றான்.

"தெரியும்." அவளுடைய குரலும் உடைந்தது. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "நான் வேணுமெண்டு அவங்கள அழ வைக்கல்ல. அந்த மேசைக்கு முன்னாலயே இருந்து இருந்து எனக்கு மூச்சு முட்டுது ஷாமில். நீங்க எவ்வளவு நல்ல கதிரை வாங்கித் தந்தாலும் முட்டுது."

 இதற்கு முன் அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. "போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு கோல் எடுங்க" என்றான். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இல்மா சனிக்கிழமைகளில் போகிறாள். மற்ற நாட்கள் முன்போலத்தான். நர்சரிக்குப் போவது பற்றி அவள் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் மாமி, ஷாமில் வரட்டும் என்றார். ஷாமில் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. சில பகல்களில் லேஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்ய எடுத்தோம் என்பதையே மறந்து அப்படியே இருந்துவிடுகிறாள்.

சனிக்கிழமை பின்னேரம் அவள் வீடு திரும்பும்போது மாமி வாய் திறப்பதில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஞாயிறு விடிந்து, இல்மா முகம் கழுவிவிட்டு வரும்போதுதான் முதல் வார்த்தை வரும்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா மவள்?"

"இன்னம் இல்ல மாமி."

மாமி இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பார்.