பாலம் முழுக்க

அக்கா தம்பியுடன் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையிலும் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“சில பேர் காலையில மாத்திரை போட்டாங்களோ என்னவோ.”

“போட்டாச்சு.”

“நான் சுவத்துக்கிட்ட பேசுறேன்.”

இந்த வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டரின் சான்று வேண்டும். தம்பிக்குப் போன மாதம் எழுபது முடிந்தது. வீடு ஆற்றுக்கு அக்கரையில், பஸ் எட்டிப் பார்க்காத ரோட்டில். மகன் போனில் தீர்மானமாகச் சொல்லியிருந்தான். “லைசென்ஸ் கிடைக்கலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்கப்பா. அத்தையை நல்ல இல்லமாப் பார்த்துச் சேர்த்துடலாம்.” கணவன் போன பிறகு தம்பி வீடே கதி என்று வந்தவள் அக்கா. மகன் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவருடைய பயம் கண்ணைப் பற்றியதல்ல.

இரண்டு வாரத்துக்கு முன், அக்காவின் மிச்சப் பற்களையும் பிடுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் இந்த முனையில் கியரைக் குறைத்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு அந்த முனை. இடையில் பாலம் இல்லை, ஆறு இல்லை. எதிரே வந்த லாரி அலறிக்கொண்டு விலகிப் போனது. கொஞ்சம் அசந்துட்டேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சொல்லிக்கொள்கிறார். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட்டார். ஒற்றைக் காலில் நின்றார். டாக்டர் பெண்; அவருடைய மகன் வயதிருக்கும்.

“வண்டி ஓட்டுறப்போ தூக்கம் வருமா?”

“ராத்திரி படுத்தாலே வராது டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். அவரும் சிரித்தார்.

“மயக்கம்?”

“இல்ல.”

“வலிப்பு எப்பவாவது வந்திருக்கா?”

“ஐயையோ, அதெல்லாம் இல்ல.”

சொன்னதில் பொய் எது என்று அவருக்கே தெரியவில்லை. தூக்கத்தைப் பற்றிய கேள்வியும் சிரிப்போடு போயிற்று. டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“கிடைச்சிடுச்சுக்கா.”

அக்காவின் முகம் மலர்ந்தது. கோபம் நினைவுக்கு வந்ததும் இறுகியது.

“கிடைக்கட்டும். அதுக்காக நான் மறந்துடுவேன்னு நினைக்காதே.”

“நான் என்னதான் பண்ணினேன்? இன்னைக்காவது சொல்லித் தொலையேன்.”

“என்ன பண்ணினியா? எழுபது வயசுல அக்காளுக்கு வலிப்புக் காட்டுறவன் உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்டா.”

முகத்தைக் கோணி, வாயைச் சுழித்துக் கேலி செய்வதற்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர். சின்ன வயதில் அதற்காக இருவரும் அடி வாங்கியிருக்கிறார்கள்.

“நானா? எப்போ?”

“நடிக்காதே. பாலத்து மேல. பல்லு போன வலியில நான் பஞ்சைச் சப்பிக்கிட்டு வர்றேன். நீ அதே மாதிரி சப்புச் சப்புன்னு சப்பிக் காட்டுறே. தம்பி, தம்பின்னு கத்துறேன், திரும்பணுமே! கண்ணை முழிச்சுக்கிட்டு ரோட்டையே பார்க்குறே, கல்லு மாதிரி.”

கண் திறந்திருந்திருக்கிறது. அசந்தவனுக்குக் கண் திறந்திருக்காது. வலிப்பு எப்பவாவது வந்திருக்கா என்று டாக்டரின் குரல் மறுபடி கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி அவருடைய கார் நின்றது.

“நேரமாகுது, வண்டியை எடு” என்றாள் அக்கா.

“உள்ள வாக்கா. நான் பண்ணினதை டாக்டர்கிட்ட பண்ணிக் காட்டு.”

“பஞ்சாயத்தா? வர்றேன். யார் மேல தப்புன்னு அவங்களே சொல்லட்டும்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கண்களை நிலைகுத்த வைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. சப், சப், சப். ஒரு கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் துணியை நிமிண்டியது.

அக்காவின் முகத்தில் அவர் தன் முகத்தைப் பார்த்தார். அதற்குள் யாரும் இல்லை.

“இதான் டாக்டர், இவன் லட்சணம். நீங்களே கேளுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு தூரம்மா இப்படி இருந்தார்?”

“பாலம் முழுக்க.”

சொன்ன பிறகுதான் அக்கா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். தம்பி சான்றை மேஜைமேல் திருப்பி வைப்பதைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர்” என்றாள் அவசரமாக. “சும்மா சொன்னேன். எங்களுக்குள்ள எப்பவும் இப்படித்தான். அவன் பேசிக்கிட்டுத்தான் வந்தான். எனக்குத்தான் காது மந்தம். டேய், பேசினேன்னு சொல்லேன்டா.”

“பேசலக்கா.”

“கூட யாராவது வண்டி ஓட்டுறவங்க இருக்காங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இது ஒரு வகை வலிப்பா இருக்கலாம். நீங்க ஓட்டிக்கிட்டுப் போக நான் விட முடியாது.”

அவர் போனை எடுத்து மகனின் எண்ணைத் தேடினார். விரல் இரண்டு முறை வேறு பெயரில் பட்டது. அக்கா இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டா. நாம நடந்தே போயிடலாம்.”

எதிர்முனையில் மணி அடிக்கத் தொடங்கியது.