ஹால்வரின் பட்டாவில் ஏறிய பெயர்

அந்தக் காலத்து அமெரிக்காவில், மினசோட்டாவில் ஐந்து வருஷம் ஓர் இடத்தில் வீடு கட்டி உழுதால் நூற்றறுபது ஏக்கர் சொந்தம். நார்வேயிலிருந்து வந்த ஹால்வர் கட்டினார், உழுதார், வெட்டுக்கிளிக்கும் பனிக்கும் ஈடு கொடுத்தார். கெடு முடிந்ததும் மனைவி குன்ஹில்டையும், சாட்சிக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனார்.

அங்கேதான் வந்தது வினை. குடியுரிமைத் தாளில் ஹால்வர் ஹௌகன். நிலம் கேட்ட மனுவில் ஹால்வர் தோர்ஸ்டைன்சன். வரி ரசீதில் ஹால்வர் லீன். மூன்று ஆளில் யாருக்குப் பட்டா என்று அதிகாரி கேட்டார்.

நார்வேக்காரனுக்கு இதில் என்ன குழப்பம்? அப்பா தோர்ஸ்டைன், அதனால் தோர்ஸ்டைன்சன். ஊரில் குடியிருந்த பண்ணை ஹௌகன். இங்கே வந்த புதிதில் குத்தகைக்கு இருந்த பண்ணையை லீன் என்றார்கள். பண்ணை மாறினால் ஆளின் பெயரும் மாறும், அவ்வளவுதான். சாட்சிக்காரர்கள் இதை விளக்கி விளக்கியே ஓய்ந்துபோனார்கள். அதிகாரி அசையவில்லை. ஒரே பெயரைச் சொல், மற்ற இரண்டும் நீதான் என்று இவர்கள் சத்தியம் பண்ணட்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி என்றார்.

"மொதல்ல நெலத்தக் குடுங்கய்யா. எந்த நெலம்னு முடிவானாத்தானே என் பேரு என்னன்னு சொல்ல முடியும்?" என்றார் ஹால்வர்.

மனுஷன் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார். அதிகாரி தாள்களை ஓரமாகத் தள்ளினார். குன்ஹில்ட் கிட்டே வந்தாள். ஐந்து வருஷப் பாட்டை இவர் வாயாலேயே கெடுத்துவிடுவார் போலிருக்கிறதே! பயந்துபோன ஹால்வர், ஊர்ப்பாசத்தில் ஹௌகன் என்று வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஹௌகன் யாரு நெலம்? பண்ணக்காரன் போன்னான், போனோம். லீன்லயும் அதே கததான். உங்கப்பா பேர வச்சுக்கங்க. அவருகிட்டேருந்து உங்கள எவன் காலி பண்ணச் சொல்லுவான்?"

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். தோர்ஸ்டைன்சன் என்றார். சாட்சிகள் சத்தியம் செய்தார்கள், முத்திரை விழுந்தது.

வெளியே வந்து தாளை விரித்ததும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கிழவர் தோர்ஸ்டைன் சாகும்போது அவருக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. புதைத்த குழிகூடப் பண்ணைக்காரன் சொன்ன மூலையில்தான்.

"அப்பா பேருல நூத்தறுபது ஏக்கர்டீ," என்று சொல்லிக்கொண்டே ஹால்வர் வண்டியில் ஏறினார்.