பட்டம்மாள் நிறுத்தி வைத்த பூட்ஸ்

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி ஆரோக்கியசாமி சுவரோரம் குந்தியிருந்தார். இன்னும் ஒரு முழம் வேண்டும். பெட்டியை இந்தப் பக்கம் இழுத்தால் வாசற்படி அடைபட்டுவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை ஐந்தரைக்கு மனைவி பட்டம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, "நெஞ்ச அடைக்குதுங்க" என்று சுவரில் சாய்ந்தாள். தன்னுடைய ஷேர் ஆட்டோவிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது மணி பத்து. வெளியே இரண்டு நாளாக விடாத மழை. சென்னையிலிருந்து வந்துவிட்ட மகள் ஷர்மிளா, அழுது ஓய்ந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நவுருங்கண்ணே." எதிர்க் கடை இஷ்தியாக் அகமது ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு உள்ளே வந்தார். பிரியாணிக் கடையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒயரைச் செருகியதும் பெட்டி லேசாக உறுமி ஓடத் தொடங்கியது. கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக் குளிர் ஏறுகிறதா என்று பார்த்தார் இஷ்தியாக். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என் கடை ஃப்ரீசர்லதானே அண்ணே அக்கா அந்த பூட்ஸ வெச்சாங்க" என்றார்.



பட்டம்மாள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவளுடைய சீல் விழாமல் அந்த லைனிலிருந்து ஒரு ஜோடி பெட்டிக்குள் போகாது. ஜூன் மாதம் சரக்கு வாங்கும் போலந்து பையரிடமிருந்து குளிர்கால பூட்ஸுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. உக்ரைன் சிப்பாய்களுக்கு என்று மேனேஜர் ஜான்சன் லைனில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். அன்று சாயங்காலமே அவள் ஷர்மிளாவுக்குப் போன் போட்டு, அந்த ஊர் மேப்பைப் போனில் எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து வீட்டில் சண்டைச் செய்திதான். ரஷ்யப் படை எதுவரை வந்தது, எந்த ஊர் விழுந்தது, எந்த ஊர் திரும்பக் கிடைத்தது என்று சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்.

"ஆத்துக்கு இந்தாண்ட கெர்சோன்னு ஒரு ஊரு. ரஷ்யாக்காரன் புடிச்சி வெச்சிருக்கான். இப்ப பாலத்த ஒடைச்சிட்டாங்க. அவனுக்கு ரொட்டி, குண்டு, டீசல் எல்லாம் படகுலதான் வரணும். எத்தினி நாளு நிப்பான் சொல்லுங்க?"

"நமக்கு இன்னாத்துக்குமா அந்த ஊரு பேஜாரு?"

"போன வருசம் பாலாத்துல வெள்ளம் வந்து ரோடு போச்சே, நாலு நாளு பாலு கூட வரல. நாமளே தவிச்சோம். துப்பாக்கியோட நிக்கிறவன் இன்னா செய்வான்? சண்டையே சோத்துலயும் செருப்புலயும்தாங்க இருக்குது."

ஆகஸ்ட் கடைசியில் முதல் லாட் தயாரானது. சோல் ஒட்டுவதற்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பசை கப்பலில் மாட்டிக்கொண்டது. பையரோ அக்டோபருக்குள் சரக்கு வேண்டும் என்று தினமும் நெருக்கினான். அதனால் உள்ளூர்ப் பசையை வைத்து ஒட்டிவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பட்டம்மாளுக்கு மட்டும் விரலில் என்னவோ பட்டது. ஜான்சனிடம் கேட்டு ஒரு பூட்ஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பாலித்தீன் பையில் சுற்றி, அந்த ஊர்க் குளிரைத் தாங்குமா என்று பார்க்க இஷ்தியாக் கடை ஃப்ரீசரில் கறிக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை எடுத்து, கடைவாசலிலேயே பூட்ஸின் மூக்கை வளைத்துப் பார்த்தாள். சோல் முன்பக்கம் வாய் பிளந்தது.

மூவாயிரம் ஜோடிக்கும் சீல் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை. ஆரோக்கியசாமிதான் கத்தினார். "மேனேஜரே போவட்டும்ன்றாரு. உனக்கு இன்னா? குத்திட்டு வர வேண்டியதுதானே!"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பனியில பள்ளத்துக்குள்ள ஈரக்காலோட ஒருத்தன் நிப்பான். செக் பண்ணது யாருன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

அவளை நூல் வெட்டும் டேபிளுக்கு மாற்றினார்கள். சின்னப் பெண்கள் உட்காரும் இடம். ஆறு நாள் அங்கே குனிந்து நூல் வெட்டினாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏழாம் நாள் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பசை வந்து சேர்ந்தது. மொத்த லாட்டையும் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போய் நின்றாள். அக்டோபரில் சரக்கு விமானத்தில் போனது. ஏன் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பதினோரு மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் நாற்பது பேர் மழையில் இறங்கினார்கள். லைனை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். பட்டம்மாளிடம் வேலை கற்ற நந்தினி பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு ஆரோக்கியசாமியிடம் வந்தாள்.

"அக்கா உங்க கிட்ட சொன்னாங்களாண்ணா? அவங்கள நூல் டேபிளுக்கு அனுப்பின அன்னிக்கு கம்பெனில அக்காவோட சீல என் கைல குடுத்து குத்துன்னாங்க. நா மாட்டேன்னுட்டேன். அடுத்தவளும் மாட்டேன்னுட்டா. ஆறு நாளு அந்த சீலு டேபிள் மேலயே கெடந்துச்சு. ஒருத்தி தொடல."

"சொல்லலியேம்மா."

"எங்க யாரையும் மாட்டி விடக்கூடாதுன்னு இருந்திருப்பாங்க."

பின்னால் நின்றிருந்த ஜான்சன் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"நான் அவங்க கிட்ட சொன்னேன் சார், அங்க பூட்ஸே இல்லாம நிக்கிறானுங்கம்மா, இது தேவலை இல்லையான்னு. அதுக்கு அவங்க, 'ஒண்ணும் இல்லாதவன் பள்ளத்த விட்டு வெளிய வர மாட்டான் சார். பூட்ஸு இருக்கறவன்தான் அத நம்பி நடப்பான். பாதி வழில வாயத் தொறந்தா அவன் எங்க போவான்?'னு கேட்டாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு."

இஷ்தியாக் மெதுவாகக் குறுக்கிட்டார். "ஆறாம் நாளு சாயங்காலம் சார் நம்ம கடைக்கு வந்தாருண்ணே. கைல ஒரு பூட்ஸு. நானும் ஒரு தரம் வெச்சிப் பாக்கறேன் பாய்னாரு."

ஜான்சன் தலையை ஆட்டினார். "மறுநாள் காலைல எடுத்தப்ப அதுவும் வாயப் பொளந்துடுச்சு சார். நேத்து பையர் மெயில் போட்டிருந்தான். சரக்கு சண்டை நடக்கற எடத்துக்கே போய்ச் சேந்துருச்சு, ஒரு ஜோடி கூட கம்ப்ளெய்ன்ட் இல்லன்னு. இன்னிக்குக் காலைல லைன்ல நிக்க வெச்சி அவங்களுக்குப் படிச்சிக் காட்டலாம்னு இருந்தேன்."

நேற்று சாயங்காலம் பட்டம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தது ஆரோக்கியசாமிக்கு நினைவு வந்தது. "பாருங்க, கெர்சோன விட்டுப் போய்ட்டான்! சோறு போவாதுன்னு நா சொன்னேன்ல?" திரையில் யாரோ ஒரு கிழவி சிப்பாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் ஆட்டோ பேட்டரியைப் பற்றிய யோசனையில் 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்கு உபதேசியார் வந்து ஜெபம் தொடங்கினார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பெயிண்டர் கங்காதரன் மரச்சிலுவைக்கு வெள்ளையடித்து வைத்துக்கொண்டு, காதில் பிரஷ்ஷோடு காத்திருந்தான். லாரிகளுக்கு எழுத்து எழுதுகிறவன். ஆரோக்கியசாமி எழுந்து அவனிடம் போனார்.

"பேரு, பொறந்த தேதி போட்டாச்சுண்ணா. கீழ 'ஆரோக்கியசாமி மனைவி'ன்னு போட்டுடட்டா? அப்டித்தானே வழக்கம்."

"ஃபைனல் செக்கர்னு போடு."

கங்காதரன் நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டுக்கும் எடம் பத்தாதுண்ணா. கட்டை கம்மி."

"என் பேரு வாணாம்."

கங்காதரன் கறுப்பு பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்தான். 'ஃ'வின் மூன்று புள்ளிகளையும் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தான். கடைசி எழுத்துகள் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தன. முடித்துச் சிலுவையைச் சுவரில் சாய்த்ததும் காற்று திரும்பி, சாரல் தாழ்வாரத்துக்குள் அடித்தது.

"காய அரை மணி ஆவும்ணா."

யாரோ சுவரோரம் விட்டுப்போயிருந்த குடையை எடுத்து விரித்து, ஆரோக்கியசாமி சிலுவைக்கு மேலே பிடித்தார். வீட்டுக்குள்ளிருந்து உபதேசியார் நேரமாகிறது என்று கூப்பிட்டார். தெருவில் நீலக் கோட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. முதுகு முழுக்க நனைந்துகொண்டிருக்க, குடை சாயாமல் அப்படியே நின்றார்.